குவைத்தக்கா தடாகத்தின் ஆழம்

அடைமழை பிடித்து ஸ்பிரிங்வெளி ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோன ஒரு காலை. பதுளையில் ஒரு கல்யாண வீட்டுக்கு ரவிக்கைகள் கொடுக்க வேண்டிய நான், குடையோடு வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். ரோட்டை அடைத்துக் கிடந்த மண்மேட்டை நிதானமாக மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"குவைத்துல இப்படித்தான்."

குவைத்தில் மலை ஏது, மழை ஏது, மண் எங்கிருந்து சரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அத்தனையும் இருக்கிறது என்று சத்தியம் செய்துவிடுவாள். அந்த வயதிலேயே எனக்கு அவ்வளவு புத்தி வந்திருந்தது.

சின்ன வயதில் வீட்டு வேலைக்குக் குவைத் போனவள், தலை நரைத்துத் திரும்பி வந்தாள். எங்கள் தேயிலைத் தோட்டமே அவளைக் குவைத்தக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை நான் எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. குவைத்தக்கா என்ற பெயரில்தான் அவளுக்கு ஒரு மிடுக்கு. ஆள் குள்ளம். என் தையல் மிசினுக்குப் பக்கத்தில் நின்றால் மேசையில் மோவாயை வைத்துக்கொண்டு பேசலாம் போல இருப்பாள். ஆனால் பேச்சு மட்டும் மலை உச்சியிலிருந்து வரும்.

"தெரியாது" என்ற சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. மாடு கன்று போட முடியாமல் தவித்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "குவைத்துல இப்படித்தான், வாலுதான் மொதல்ல வரும்" என்றாள். தலைதான் வந்தது. "இது தமிழ் மாடு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொதிக்கவைக்கப் போய்விட்டாள். பதுளை பஜாரில் நான் நூல் வாங்கும் கடைக்கார நானா சவூதியில் இருந்து வந்தவர். அவரிடம் ஒருநாள் அரபியில் பொரிந்து தள்ளினாள். நானா கைகட்டி நின்று மரியாதையாகக் கேட்டார். அக்கா பட்டன் பார்க்க அந்தப் பக்கம் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"பாவம் தங்கச்சி. அவ சொன்னதெல்லாம் கழுவு, மடி, சீக்கிரம் வா, இது மட்டும்தான்."

நானா அதை அக்காவிடம் சொல்லவில்லை. "நல்லா பேசுறீங்க" என்று சொல்லி அனுப்பினார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது.

இப்போது நான் கல்யாணம் முடித்து மொனராகலையில் இருக்கிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து தைக்கும்போது, குளிர்ந்த கறுப்புத் தண்ணீரும் ஊதாத் துணியும் நினைவுக்கு வந்து தனியாகச் சிரிக்கிறேன். வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். அவருக்காகத்தான் இதை எழுதிவைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஒரு சடங்கு வீட்டில் ஆரம்பித்தது. பெரியவளான பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பெண்களெல்லாம் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டிருந்தோம். தண்ணீர்ப் பேச்சு வந்தது. மலையிலிருந்து விழும் பீலியில் தண்ணீர் குறைந்துவிட்டது, குளிக்க வரிசை நிற்க வேண்டியிருக்கிறது என்று யாரோ குறைபட்டார்கள். அக்கா தொண்டையைச் செருமினாள்.

"நான் அங்க பீலியிலயா குளிச்சேன்? மேடம் வூட்டு சுவிமிங்குலதான் குளிப்பேன். அவங்க படுத்த பொறகு தெனம் ஒரு நீச்சல். இந்தக் கரையில எறங்கினா அந்தக் கரை."

அவளுடைய அண்ணன் மனைவி அங்கே இருந்தாள். அக்கா அவளை மதினி என்பாள், அதனால் நாங்கள் எல்லோரும் மதினி என்போம். கொழுந்து எடுத்து எடுத்துத் தோள் அகன்ற பெண். பென்சனுக்கு நாள் நெருங்கியும் விடியற்காலை பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பாள். அக்கா குவைத்தில் இருந்த காலமெல்லாம் அக்காவின் மகனைத் தன் லயத்துக் காம்பராவில் வைத்து வளர்த்தவள் அவள்தான். அந்தக் கணக்கு இருவருக்கும் நடுவில் எப்போதும் இருந்தது. அவன் வளர்ந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகும் இருந்தது.

மதினி பலகாரத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"கக்கூசு கழுவப் போனவ நீச்சல் வேற அடிச்சாளாக்கும்!"

வாசலே சிரித்தது. தண்ணீர் ஊற்றப்பட்ட பிள்ளைகூடச் சிரித்தது. அக்காவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அன்றைக்கு அவள் குவைத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"இங்க கட்டுறேன் மதினி. என் காணியில கட்டுறேன். உங்க கண்ணு முன்னால இந்தக் கரையில எறங்கி அந்தக் கரையில ஏறுறேன். ஏறிட்டா என்னா செய்வீங்க?"

"பெரட்டுக் களத்துல நின்னு கத்துறேன்டி, எங்க நாத்துனா நீந்துவான்னு. தோட்டமே கேக்கட்டும்."

அவ்வளவுதான். ஊரில் மற்றவர்கள் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் மாடி கட்டுவார்கள், கடை போடுவார்கள். அக்கா தன் வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டி ஒரு நீச்சல் தடாகம் கட்டினாள். இரண்டு லொறியை ஒன்றாக நிறுத்தும் அளவு இருக்கும். சுற்றிலும் தகரம் அடித்து மறைத்தாள். தோட்டத்து ஆட்கள் அதைச் சுருக்கமாக "சுவிமிங்" என்றார்கள்.

கட்ட வந்தவர் ஹல்துமுல்லையிலிருந்து ஒரு சிங்களக் கொத்தனார்; பாஸ் என்போம். வீடு, கக்கூசு, கிணறு எல்லாம் கட்டியவர், தடாகம் கட்டியதில்லை. அக்காவை அவர் "நோனா" என்று கூப்பிட்டார். காலமெல்லாம் அடுத்தவளை மேடம் என்று கூப்பிட்டவளுக்கு அந்த ஒரு சொல் போதும். அவருக்குப் பிளேன்டீயோடு சீனி போதாதென்று பனங்கட்டியும் வைத்தாள்.

பாஸ் கடையில் வாங்கும் நீல டைல்ஸ் போடலாம் என்றார். அக்கா கையை உதறினாள்.

"வழுவழு டைல்ஸ் கக்கூசுக்கு. மேடம் வூட்டுல கல்லு. மலையில வெட்டின கல்லு. தொட்டா கல்லு மாதிரியே இருக்கும்."

"கல்லு கல்லு மாதிரிதானே நோனா இருக்கும்?"

"அதத்தான் சொல்றேன்."

லொறியில் கல் வந்தது. பச்சையும் சாம்பலும் கலந்த, ஏடு ஏடாகத் தெரிகிற பட்டைக் கல். அதைப் பதித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா என்னிடம் நீச்சல் உடுப்புத் தைக்கச் சொன்னாள். நான் ரவிக்கை தைப்பேன், பாடசாலைச் சீருடை தைப்பேன், ஒருமுறை ஒரு சவப்பெட்டிக்கு உள்துணிகூடத் தைத்திருக்கிறேன். நீச்சல் உடுப்புக்கு அளவு எங்கே எடுப்பது என்றே தெரியவில்லை. குடைத்துணி மாதிரி வழுக்குகிற துணி பஜாரில் ஊதா நிறத்தில் மட்டும்தான் கிடைத்தது.

"நீளம் எவ்வளவு அக்கா?"

"முழங்காலு வரைக்கும் போதும். மிச்சத்தத் தண்ணி மறைச்சிரும். தண்ணி என் தலைக்கு மேல நிக்கும் புள்ள."

அப்படிச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி இறங்கியது. நான் டேப்பை வாயில் கவ்விக்கொண்டிருந்ததால் ஏன் என்று கேட்கவில்லை.

மலைக்குழாயிலிருந்து தண்ணீர் விழுந்து விழுந்து தடாகம் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வரலாம் என்று அக்கா சொல்லியனுப்பினாள். சனிக்கிழமை பின்னேரம் நான் உடுப்பைக் கொடுக்கப் போனேன். தகரத்தை விலக்கினால், அக்கா சேலையோடு படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இன்னொரு படி இறங்கினாள், இடுப்புக்கு வந்தது. அங்கேயே நின்றாள். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணை இறுக மூடி, ஏதோ ஒரு சாமியின் பெயரைச் சொல்லி, மறுபடியும் மேலே ஏறிவிட்டாள்.

"அக்கா, நீந்தத் தெரியும்தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலமெல்லாம் அந்தத் தடாகத்தின் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியவள், ஒருநாள்கூட அதற்குள் இறங்கியதில்லை. ஆனால் அக்கா அசரவில்லை.

"குவைத்துல இப்படித்தான். மொத நாளு கால மட்டும்தான் நனைப்பாங்க."

அடுத்த நொடி அவள் காலடியில் ஏதோ 'டப்' என்றது. குனிந்து எடுத்தாள். கல்லின் மேல்தோல் அப்பளம் போல ஒரு ஏடு கழன்று கையோடு வந்திருந்தது. பக்கத்துக் கல்லை நகத்தால் கீறினாள். அதுவும் உரிந்தது. விரலில் சின்னதாக ரத்தம்கூட வந்தது.

"பாத்தியா! கல்லு உரியுது! உரியுதுடி!"

லொத்தர் விழுந்தவள்கூட அப்படிக் கூவியிருக்க மாட்டாள். அந்த ஏட்டைக் கையில் பிடித்துக்கொண்டு லயம் லயமாகப் போய், ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கல் பழுது, ஆட்கள் காலைக் கிழித்துக்கொள்வார்கள் என்று வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். வருத்தம் உதட்டில் மட்டும்தான். நடையில் துள்ளல்.

பாஸ் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். ஏடு பிரிகிற கல் தண்ணீருக்குள் நிற்காது, எல்லாவற்றையும் உடைத்து எடுத்துவிட்டுத்தான் வேறு கல் வைக்கவேண்டும் என்றார்.

"பேர்க்காத பாஸ். மேல போடு."

"மேலயா? நோனா, அடி கல்லு ஆடும்."

"உடைஞ்ச கல்லு, செங்கல்லு, என்னா கெடக்கோ எல்லாத்தையும் நெரப்பு. அதுக்கு மேல கொங்கிரீட் போடு. அதுக்கு மேல புதுக் கல்ல வையி. குவைத்துல இப்படித்தான்."

பாஸ் என்னைப் பார்த்தார். நான் தகரத்தைப் பார்த்தேன்.

இரண்டாவது கல் வெள்ளையில் ரோசாப் பூத்த மாதிரி அழகு. தண்ணீர் விட்டால் கல்யாணப் பெண்ணின் கன்னம் போல மினுங்கியது. ஆனால் அந்தக் கல்லில் ஊசித் துளை போல எங்கும் ஓட்டைகள். மலைத்தண்ணீரின் பாசி ஒவ்வொரு ஓட்டையிலும் குடியேறியது. ரோசாப்பூ பச்சை மிளகாயாக மாறியது. பாஸ் ஒரு அடி வைத்தார், வழுக்கினார், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் உட்கார்ந்தபடியே போய் நின்றார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பாசிக்கும் கறைக்கும் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து ஆசிட். தண்ணீரை இறைத்துவிட்டு ஒரு கலனைத் திறந்து தாராளமாக ஊற்றினார்.

கல் பொங்கியது. சோடாப் போத்தலை உடைத்த மாதிரி 'புஸ்' என்று தடாகம் முழுக்க நுரை. பாஸ் கலனைப் போட்டுவிட்டுப் படியில் தாவி ஏறினார்.

"நோனா! கல்லு கொதிக்குது! கல்லு கொதிக்குது!"

அக்கா சமையலறையிலிருந்து நிதானமாக எட்டிப் பார்த்தாள்.

"குவைத்துல இப்படித்தான்."

நுரை அடங்கியபோது பாசி போயிருந்தது. கல்லின் முகமும் போயிருந்தது. குண்டும் குழியுமாக, சரியாக வேகாத ரொட்டி மாதிரி கிடந்தது. பீலியில் மதினி எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டாள்:

"என்னாடி, சுவிமிங் கொதிச்சிருச்சாமே? முட்டை அவிச்சுக்கிறலாமா?"

அக்கா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து பாஸைக் கூப்பிட்டாள். "மேல போடு" என்றாள்.

அந்த வாரம்தான் உடுப்பை என் மேசைமேல் கொண்டுவந்து போட்டாள்.

"இன்னும் கொஞ்சம் நீளம் வையி புள்ள. கணுக்கால் வரைக்கும்."

"ஏன் அக்கா, முழங்கால் வரைக்கும் போதும்னீங்க?"

"அப்ப தண்ணி மறைச்சிச்சி. இப்ப தண்ணி கொறையுது, துணி கூடணுமில்ல? மானம் என்னாத்துக்கு ஆவுறது?"

தண்ணீர் ஏன் குறையப்போகிறது? நான் டேப்பை எடுத்துக்கொண்டு தடாகத்துக்குப் போனேன். தையல்காரிக்கு உடம்பு அளவுதான் தெரியும். அக்காவைக் கரையில் நிறுத்தி, உள்ளே டேப்பை விட்டுப் பார்த்தேன். முதலில் அவள் தலைக்கு மேல் நின்ற தண்ணீர், ஒரு தளம் ஏறிய பிறகு மார்புக்கு வந்திருந்தது. இப்போது பாஸ் நிரப்பி வைத்திருந்த கல்லும் மண்ணும் கொங்கிரீட்டும் இன்னும் மேலே வந்திருந்தன. அதற்கு மேல் கல்லும் பதித்தால் தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும்.

நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அக்கா பலா மரத்தைப் பார்த்தாள்.

"அக்கா... தரை ஏறுதே."

"ஏறட்டுமே. எனக்கு எறங்க வரல்ல. அதுதான் வரட்டும்."

நான் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்காவும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. தன் காலுக்கு எட்டும் வரைக்கும் தரையை மேலே வரவழைக்கிற பொம்பளையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. சிரித்து முடிந்தபோது எனக்கு அவள்மேல் இருந்த பிரியம் இரண்டு பங்காகியிருந்தது. அவள் எப்படியாவது அந்தக் கரை ஏறிவிடவேண்டும் என்று என் இஷ்ட தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டேன்.

மூன்றாவது கல்லை அவளே தேர்ந்தெடுத்தாள். கல் கடையில் ஒவ்வொன்றாக நனைத்துப் பார்த்தாள். கண்மை போலக் கறுத்த ஒரு கல்லை நனைத்ததும் அவள் முகம் மலர்ந்தது. வரும் வழியில் திரீவீலுக்குள் என் காதில் சொன்னாள்:

"கறுப்புக் கல்லுல தண்ணி நின்னா, அடி தெரியாது. முழங்காலும் ஒண்ணுதான், கெணறும் ஒண்ணுதான்."

கல் பதித்தார்கள். பாஸ் கல்லுக்குக் கல் இடைவெளியில் சிமெந்து அடைத்தார். தண்ணீர் விடுமுன் காயவிட்டார்கள். நடுவில் இரண்டு நாள் மழை, அடியில் தண்ணீர் தேங்கித் தரை தெரியாமல் கறுத்துக் கிடந்தது, பிறகு வெயில். வெயில் காய்ந்த காலையில் சுவரின் கறுப்புக் கல் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டால் மாவு மாதிரி ஒட்டியது. சிமெந்தின் உப்பு கல் இடுக்கு வழியாக வெளியே வருகிறது என்றார் பாஸ். அவர் கை ஆசிட் கலனைத் தேடியது.

"அந்தக் கலனத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்றாள் அக்கா.

ஆனால் ஆபத்து கலனிலிருந்து வரவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு மேல் ரோட்டால் இறங்கிய பெண்கள் தகரத்துக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். கறுப்புக் கல். அதில் இடுக்கு இடுக்காக, ஒன்றன் கீழ் ஒன்றாக வெள்ளைப் பட்டை. அதில் ஒரு கல்லில் சரியாக மூன்று பட்டை.

"ஆத்தா! விபூதி!"

பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் காலையில் தகரத்துக்கு வெளியே செருப்புகள் குவிந்துகிடந்தன. உள்ளே இறங்கப் பயந்து, கரையில் குனிந்து வாழை இலைத் துண்டில் விபூதியைச் சுரண்டி எடுத்தார்கள். யாரோ தகரத்தில் ஒரு மணியைக் கட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று கை கூப்பி அழுதது மதினிதான்! நெற்றி நிறையப் பூசிக்கொண்டாள், கழுத்தில் பூசிக்கொண்டாள். பின்னேரத்துக்குள் தோட்டமே நெற்றியைச் சொறிந்தது. சிமெந்து உப்பு சும்மா விடுமா?

"நெத்தி எரியுதே மதினி" என்றேன்.

"அம்மன் சோதிக்கிறா" என்றாள் மதினி, இரண்டு கையாலும் சொறிந்துகொண்டு. பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள். "அடியே, அம்மன் எறங்கின எடம். இனிமே அதுல ஒருத்தரும் கால் வைக்கப்படாது. நீயும்தான்."

அக்கா உறைந்துபோனாள். முதல் இரண்டு தடவையும் கல் அவளைக் காப்பாற்றியது. உரிந்து காப்பாற்றியது, பொங்கிக் காப்பாற்றியது. இப்போது தரை அவள் காலுக்கு வந்து சேர்ந்துவிட்டது, தண்ணீர் விட்டால் போதும், கரை ஏறிவிடலாம். இந்த நேரம் பார்த்துக் கல் சாமியாகிவிட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் கல்லைத் திட்டியதைக் கேட்டேன். அவளுக்குத் தெரிந்த அரபு முழுவதையும் அந்தச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு சேலையை மாற்றிக்கொண்டு கோயில் பூசாரியைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். பூசாரி முகம் வாடியிருந்தது. கூட்டமெல்லாம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதால் கோயில் வெறிச்சோடிக் கிடந்தது.

"சாமி, விபூதி பூத்த எடத்துல தண்ணி விட்டா அது தீர்த்தம்தானே?"

"ஆமாமா."

"தீர்த்தம்னா யாராவது முங்கி எழும்பணுமில்ல?"

பூசாரி யோசித்தார். அக்கா இன்னும் கொஞ்சம் நெருங்கினாள்.

"முங்கி எழும்பிட்டா அம்மன் திருப்தியாகித் திரும்பக் கோயிலுக்கே வந்துருவா. இல்லியா சாமி?"

பூசாரியின் முகத்தில் விளக்கு எரிந்தது. "மொத முங்கு வீட்டுக்காரிக்குத்தான்" என்று உடனே தீர்ப்புச் சொன்னார். "இந்த ஞாயித்துக்கெழமையே வையுங்க. தள்ளிப்போடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை தகரத்தையெல்லாம் கழற்றியாயிற்று. சரிவு முழுக்கத் தலைகள். பாஸும் ஹல்துமுல்லையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். தடாகம் விளிம்பு வரைக்கும் நிறைந்து, கறுப்பாக, வானத்தையும் பலா மரத்தையும் தலைகீழாக வைத்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் நின்ற ஒருத்தி, "யானை நின்னாலும் மூழ்கிரும்போல" என்று நெஞ்சில் கைவைத்தாள். நான் அக்காவுக்குத் துவட்டக் கொண்டுவந்த துவாயை முகத்தில் பொத்திக்கொண்டேன்.

அக்கா வந்தாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஊதா. வெயில் பட்டு ஒரு பெரிய கத்தரிக்காய் போலப் பளபளத்தாள். மதினியை ஒருமுறை பார்த்தாள். பூசாரி மணியடித்தார். படியில் இறங்கி, குந்தி, முகத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீரில் படுத்தாள்.

கால் இரண்டும் அடித்தன, அம்மாடி, எப்படி அடித்தன! பூசாரியின் தட்டில் எரிந்த சூடம் அணைந்துபோனது. நுரைக்கு நடுவில் நரைத்த தலை ஒன்று முன்னே போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் கல்லை ஊன்றி ஊன்றி நடந்துகொண்டிருந்தன என்பது அந்தச் சரிவில் எனக்கும் பாஸுக்கும் மட்டும்தான் தெரியும். பாஸ் தன் மனைவியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். நான் கத்தினேன், "போங்க அக்கா! போங்க!" எனக்கு அழுகையும் வந்தது.

அந்தக் கரை வந்தது. அக்கா எழுந்து நிற்கவில்லை. நின்றால் குட்டு உடைந்துவிடும். விளிம்பைப் பிடித்து, வயிற்றால் ஊர்ந்து மேலே ஏறி உட்கார்ந்தாள். சரிவு முழுக்க விசில். பெண்கள் குலவை போட்டார்கள்.

அதோடு முடிந்திருக்கும். பூசாரிக்குத்தான் உற்சாகம் தாங்கவில்லை. "அடுத்த முங்கு அண்ணன் பொண்டாட்டி!" என்று கூவினார். சனமும் கூடச் சேர்ந்து கூவியது. அக்காவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"வேணாம் மதினி! ஆழம்! ஒங்களுக்கு ஆகாது!"

"நீ எறங்கின எடத்துல நான் எறங்கமாட்டேனா?"

மதினி சேலையை இழுத்துச் செருகினாள். கம்பியைப் பிடித்து ஒரு படி வைத்தாள். இன்னொரு படி. அதற்கடுத்த படிக்குக் காலைத் துழாவினாள். படி இல்லை. தரை இருந்தது. தண்ணீர் அவள் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பார்க்கிறவர்கள் அவள் இன்னும் படியில் நிற்கிறாள் என்று நினைத்தார்கள்.

மதினி குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள். பிறகு காலால் மெதுவாகத் தரையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு எதிர்க் கரையில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சடங்கு வீட்டு வாசலில் சுருங்கிய அதே முகம்.

"என்னா மதினி, நிக்கிறீங்க? போங்க!" என்று சரிவிலிருந்து யாரோ கத்தினார்கள்.

மதினி இன்னும் ஒரு நொடி நின்றாள். பிறகு தொபுக்கென்று தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கி அடித்துக்கொண்டு அலறினாள்:

"ஆத்தாடி! கால் எட்டல்ல! என்னா ஆழம், என்னா ஆழம்! புடிங்கடி, புடிங்க!"

அக்கா திரும்பத் தண்ணீரில் விழுந்தாள். கையை ஊன்றி ஓட்டமாகப் போய் மதினியைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் கறுப்புக் கல்லில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கழுத்தளவு தண்ணீரில், ஒருத்தியை ஒருத்தி இறுக்கிக்கொண்டு அலறினார்கள். அலறல் எந்த இடத்தில் சிரிப்பாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் துவாயோடு ஓடிப்போய்க் குனிந்தபோது மதினி அக்காவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

"பாவி மகளே, மொதல்லயே சொல்லியிருந்தா கல்லு தூக்கிப்போட நானும் வந்திருப்பேனேடி."

மறுநாள் விடிந்தும் விடியாமல் அக்கா என் வாசலில் வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கை இரண்டும் கல்லில் உரசிச் சிவந்து தோல் உரிந்திருந்தன. நான் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவிவிட்டேன். பனிக்குள்ளிருந்து பெரட்டுக் களத்தில் ஆட்கள் சேரும் சத்தம் வந்தது. கங்காணி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் குரலுக்கு மேலே இன்னொரு குரல் எழும்பியது. கொழுந்து மலையில் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! எங்க நாத்துனா நீந்துவா! நான் எறங்கிப் பாத்தேன், கெணறு மாதிரி ஆழம்! அதுல நீந்துவா!"

அக்கா பிளேன்டீக் கோப்பையை விரல் நுனிகளால் பிடித்துக்கொண்டு அசையாமல் கேட்டாள். மதினி இன்னொரு தடவை கத்தினாள். அக்காவின் கண் நிறைந்து வழிந்தது. அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

"குவைத்துல இப்படி இல்ல புள்ள" என்றாள்.